கோப்பி வட்டம் போடுகிறாள், வாருங்கள் பார்ப்போம்!

தெலுக் இந்தானுக்கு வருகிற எல்லாரும் சாய்ந்த கோபுரத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நல்ல கோபுரம்தான். 1885-இல் லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகைக்காரர் கட்டியது. 25.5 மீட்டர் உயரம். வெளியே நின்று எண்ணினால் எட்டு மாடி, உள்ளே ஏறினால் மூன்றே மாடி. தண்ணீர்த் தொட்டியின் பாரத்தில் அடியிலிருந்த மெத்து மண் அமுங்கி ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் வந்து கையைத் தூக்கி அதைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்தாயிற்றா? சரி, இப்போது என்னோடு வாருங்கள், ஆற்றங்கரை நடக்கிற தூரம்தான், வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் உண்மையான அதிசயம் அங்கே ஈரப் புல்லில் மூக்கை ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது, அதன் பெயர் கோப்பி, அது எங்கள் வீட்டு நாய்!

கண்ணுக்கு முன்னால் கொண்டு வாருங்கள். காலை ஏழு மணி. பேராக் ஆற்றின் மேல் மூட்டம் இன்னும் கலையவில்லை, எங்கோ ஒரு சம்பானின் மோட்டார் இருமிக்கொண்டே போகிறது, சேற்று வாடையும் மீன் வாடையும் கலந்து காற்றில் நிற்கிறது. கோப்பி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறாள். ஒரு சுற்று. முகர்கிறாள், முன்னங்காலால் புல்லைத் தட்டுகிறாள், மறுபடி முகர்கிறாள். இன்னொரு சுற்று, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாய். உட்காரப் போகிறாளா? இல்லை, இல்லை, மனசுக்கு ஒப்பவில்லை, அரை அடி தள்ளிப் போகிறாள், மறுபடி ஒரு வட்டம், முதுகு வளைகிறது, வால் மேலே போகிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்து அவள் முதுகெலும்புக்கு நேராகப் பிடிக்கிறேன். வடக்கு–தெற்கு! நூல் பிடித்தது போல வடக்கு–தெற்கு! ஐம்பதை நெருங்குகிற மனிதன் நான், ஆற்றங்கரையில் ஒரு நாய் வெளிக்குப் போவதைப் பார்த்துக் கையைத் தூக்கிக் குதிக்கிறேன், மெதுவோட்டம் ஓடுகிறவர்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள், எனக்கு அதில் ஒரு சொட்டு வெட்கம் இல்லை.

இது என் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள்! செக் நாட்டு, ஜெர்மானிய ஆய்வாளர்கள் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்கள், 1,893 தடவை மலம் கழித்தது, 5,582 தடவை சிறுநீர் கழித்தது, ஒவ்வொன்றுக்கும் திசைகாட்டி பிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள், 2013-இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். பூமியின் காந்தப்புலம் அலைபாயாமல் அமைதியாக இருக்கிற நேரத்தில் நாய்கள் தங்கள் உடம்பை வடக்கு–தெற்காக வைத்துக்கொள்ள விரும்புகின்றனவாம். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுப்பார்களே இக் நோபல், அது 2014-இல் இவர்களுக்குத்தான் கிடைத்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைத்துப் பாருங்கள், பூமிக்குள்ளே உருகிய இரும்பு சுழல்வதால் உண்டாகிற ஒரு புலம், நம் உடம்பை ஊடுருவிக்கொண்டே இருக்கிறது, நமக்கு ஒரு மண்ணும் தெரிவதில்லை, ஆனால் நம் வீட்டு வாசலில் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிற இவளுக்கு அது தெரிகிறதாம்! எதற்காக அப்படி நிற்கின்றன என்பதை அந்த ஆய்வாளர்களே இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. சில காலைகளில் கோப்பி கிழக்கு மேற்காகவும் உட்காருவாள், அதை மறைக்க மாட்டேன். அன்றைக்குச் சூரியனில் ஏதோ புயல் அடித்துக் காந்தப்புலம் கலங்கியிருக்கும் என்பதுதான் என் கட்சி.

கோப்பி யார், எங்கிருந்து வந்தாள் என்று சொல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறேன். லங்காப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், பழக்குலை ஏற்றுகிற லாரியின் நிழலில் உள்ளங்கை அளவு ஒரு குட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தது. கழுத்திலிருந்து வால் வரைக்கும் கோப்பி ஓ நிறம், நெஞ்சில் மட்டும் டின் பால் சிந்தின மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. பெயரை நான் வைக்கவில்லை, அந்த நிறமே வைத்துக்கொண்டது. இன்று அவள் கழுத்துப் பட்டையில் லைசென்ஸ் வில்லை தொங்குகிறது, நடக்கும்போது அது கிணுகிணு என்று ஒலிக்கும், அந்த ஒலி எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

அம்மாவிடம் அவளைக் கொண்டுபோய்க் காட்டினபோது அம்மா முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே! அம்மா பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தப் பக்கமெல்லாம் செம்பனை வருவதற்கு முன்னால் கித்தாக் காடுதானே, விடிவதற்கு முன் பெரட்டு, தலையில் விளக்கு, தோளில் காண்டா, அப்புறம் நிரைக்கு நிரை மரம் சீவிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு லயத்துக்கும் நாய்கள் இருந்தனவாம். பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஒவ்வொரு நாயும் தன் வீட்டு ஆளின் நிரையைத் தேடிப் போய் முதல் மரத்தடியில் படுத்துக்கொள்ளுமாம். ஆளுக்கு நிரை மாறினாலும் நாய் தடுமாறியதே இல்லையாம். "அதுங்களுக்கு எல்லாம் தெரியும்டா, நமக்குத்தான் சொல்லத் தெரியாது," என்று சொல்லிக்கொண்டே கோப்பியின் காதை மடித்து மடித்துப் பார்த்தார். அந்தக் காதுக்குள் ஒரு தொட்டாற்சிணுங்கி முள் சிக்கியிருந்தது, அம்மாவின் விரல் அதை எடுத்தது, கோப்பி முனகக்கூட இல்லை.

இவள் கம்பத்து நாய். இனம் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு நெஞ்சு விரிந்துவிடும், ஏனென்றால் என்னிடம் ஒரு ரகசிய ஆசை இருக்கிறது. 1963-இல் ஆர்வில் எலியட் என்ற மானிடவியலாளர் தெலோம் ஆற்றுப் பக்கம் ஒராங் அஸ்லி மக்களிடம் ஒரு வகை நாயைப் பார்த்தார். அந்த மக்களின் வீடுகள் தரையிலிருந்து உயர்ந்து கால்களின் மேல் நிற்பவை, அந்த நாய்கள் ஏணியில் ஏறி வீட்டுக்குள் போய்வந்தன! தெலோம் ஆற்றின் பெயராலேயே அதற்குத் தெலோமியன் என்று பெயர் வைத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், நாய்களின் நடத்தையை ஆராய்வதில் பேர்போன ஜே.பி. ஸ்காட்டிடம் சேர்த்தார்கள். நம் மலேசிய மண்ணின் நாய்! இப்போது கேளுங்கள், தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்க ஏணி சாய்த்து வைத்திருந்தேன், பிரஷைக் கழுவிக்கொண்டு வரப் பின்பக்கம் போனேன், திரும்பி வந்தால் கோப்பி நாலாவது படியில் நிற்கிறாள். முன்னங்கால் ஐந்தாவது படியில், பின்னங்கால் இரண்டும் நாலாவது படியின் குறுக்குக் கட்டையை விரலால் பிடித்திருக்கின்றன, விரலால்! என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், "ஏன், என்ன இப்போ?" என்கிற பார்வை. கையிலிருந்த பிரஷ் எங்கே விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "தெலோமியன்! தெலோமியன்!" என்று நான் கத்தின கத்தலில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். இரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை, செய்யவும் போவதில்லை. ஏணியைப் பிடித்த அந்தக் கால் விரல்களே எனக்குப் போதும்.

சரி, அடுத்ததற்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் நான் துடித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் கோப்பிக்கு மூன்று மொழி! வீட்டில் தமிழ். லோங்காங் வடிகாலுக்கு அந்தப் பக்கத்து மலாய்க்கார மாக்சிக் தினமும் துணி காயப்போடுகிற நேரத்தில் அங்கிருந்தே குரல் கொடுப்பார், "கோப்பி, சுடா மாக்கான்?" அவர் தொடுவதில்லை, இவளும் லோங்காங்கைத் தாண்டுவதில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி ஓர் ஒப்பந்தம், ஆனால் அந்தக் குரல் கேட்டதும் ஓடிப்போய் விளிம்பில் உட்கார்ந்து காதைப் பின்னால் தள்ளிக்கொண்டு கேட்பாள் பாருங்கள், ஒரு பேத்தி பாட்டியிடம் கதை கேட்பதற்கு அதைவிடப் பவ்வியம் இருக்க முடியாது. வலது பக்க வீட்டு அங்கிள் சீனத்தில் பேசுவார், நீளமாகப் பேசுவார், குதிரைப் பந்தயமா மருமகளா எதைப் பற்றி என்று எனக்குப் புரியாது. கோப்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவர் முடிக்கிற இடத்தில் சரியாக ஒரு பெருமூச்சு விடுவாள்.

புதிதாக ஒரு மொழி வந்தால் இவளுக்குத் தெரியுமா? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில்தான் லாரா குவாயாவைப் பற்றி அறிந்தேன். மெக்சிகோ நாட்டுப் பெண், ஆராய்ச்சி செய்யப் புடாபெஸ்ட்டுக்குக் குடிபெயர்ந்தபோது தன் நாய் குன்–குன்னையும் கூட்டிப்போனார். அங்கே எல்லாரும் ஹங்கேரிய மொழி பேசுகிறார்கள், வீட்டில் மட்டும் ஸ்பானிய மொழி, இது குன்–குன்னுக்குத் தெரிகிறதா என்று அவருக்கும் இதே கேள்வி! எனக்கு வந்த அதே கேள்வி! ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை, 18 நாய்களை மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் ஆடாமல் அசையாமல் படுக்கப் பழக்கி, 'குட்டி இளவரசன்' கதையை இரண்டு மொழியிலும் கேட்க வைத்தார். பழகின மொழிக்கும் பழகாத மொழிக்கும் நாய் மூளை வேறு வேறாக வேலை செய்கிறது! வயது ஏற ஏற அந்த வேறுபாடு இன்னும் தெளிவாகிறது! 2022-இல் அச்சில் வந்த ஆய்வு இது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாளே கோப்பியை எதிரில் உட்கார வைத்து நாளிதழ் வாசித்தேன். முதலில் தமிழ்ப் பத்திரிகை, தலையங்கம், விலைவாசி. சுகமாகக் கேட்டாள், கண் பாதி சொருகியது. அடுத்து மலாய்ப் பத்திரிகை. அதுவும் பழகின ஒலிதான், வால் நுனி மட்டும் ஆடியது. அப்புறம் கைப்பேசியில் ஹங்கேரிய வானொலி ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன், அவ்வளவுதான், காது இரண்டும் விடைத்து எழுந்தன, தலை நிமிர்ந்தது, என்னையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள், கைப்பேசியின் பின்பக்கம் போய் முகர்ந்தாள், பேசுகிற ஆள் அங்கே ஒளிந்திருக்கிறானா என்று! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன்.

நாம் பேசுவதைக் கேட்கும்போது நாய் தலை சாய்ப்பதும், லாரா ஆராய்ச்சி செய்த அதே புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில்தான் ஆராயப்பட்டது, 2021-இல். பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொள்கிற கெட்டிக்கார நாய்கள் நூற்றுக்கு 43 தடவை தலை சாய்த்தனவாம், மற்ற நாய்கள் 2 தடவை. தெரிந்த சொல்லை நினைவிலிருந்து தேடி எடுக்கிற நேரத்துச் சாய்வாக இருக்கலாம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு சொல் போதும். "மத்தி." சமையற்கட்டில் மனைவி, "இன்னிக்கு மத்தி வாங்கவா?" என்று மெல்லக் கேட்டால் போதும், கூடத்தின் கடைசி மூலையில் கண்மூடிக் கிடப்பவளின் தலை வலப்பக்கமாய்ச் சரிகிறது, கண் திறப்பதற்கு முன்னாலேயே சரிகிறது. எனக்குக் காசு சேர்ந்தால் எல்லாரும் போகிற ஊருக்கெல்லாம் போக மாட்டேன், நேராகப் புடாபெஸ்ட், அந்தப் பல்கலைக்கழக வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் மறுவேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு நாயின் பின்னால் போய்க் குந்துங்கள். வாலைப் பாருங்கள். ஆட்டுகிறதா என்று பார்க்காதீர்கள், எந்தப் பக்கம் அதிகமாக ஆட்டுகிறது என்று பாருங்கள்! இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் 30 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். வளர்த்தவர் முகத்தைப் பார்த்தால் வால் நாயின் வலப்பக்கம் கூடுதலாகப் போகிறது, மிரட்டுகிற முன்பின் தெரியாத நாயைக் கண்டால் இடப்பக்கம். மூளையின் இடது பாதி உடம்பின் வலப்பக்கத்தை ஆட்டுகிறது, நெருங்க விரும்புகிற உணர்ச்சி அந்தப் பக்கம், விலக நினைக்கிற உணர்ச்சி மறுபக்கம். நான் வேலை முடிந்து மோட்டாரை நிறுத்தினதும் மனைவியைப் பின்னால் நின்று கவனிக்கச் சொன்னேன். "வலதுங்க, முழுக்க வலதுதான், இடுப்பே வலப்பக்கம் போவுது!" என்று அவர் கூவினபோது நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே கேட்டருகில் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன்.

விடை தெரியாதது ஒன்று இருக்கிறது, அது செருப்பு. பக்கத்து வீடுகளின் வாசலிலிருந்து செருப்பு எடுத்துக்கொண்டு வருவாள். இடது கால் செருப்பு மட்டும்! கடிப்பதில்லை, கிழிப்பதில்லை, எங்கள் கேட்டின் உள்ளே வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளிப் படுத்துக்கொள்வாள். அதென்ன இடது? இரண்டு கால் வாசனையும் ஒன்றுதானே? தெருப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே வந்து, "அங்கிள், எங்க செருப்பு!" என்று சிரித்துக்கொண்டு எடுத்துப் போவார்கள். அந்த நேரத்தில் கோப்பி காதைத் தாழ்த்தி, கண்ணை மேலே உருட்டி, "திருட்டு முழி" என்போமே, அதை முழிப்பாள். அதையும் ஒருவர் ஆராய்ந்துவிட்டார்! நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ், 2009. நாய் தப்புச் செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் சம்பந்தம் இல்லையாம், எதிரில் நிற்பவர் திட்டினால்தான் அந்த முழி வருகிறதாம், தப்பே செய்யாத நாய் திட்டு வாங்கினாலும் வருகிறதாம். அப்படியானால் அவள் தன் தப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் படிக்கிறாள்! இது தெரிந்த பிறகு செருப்புக்காக அவளை நான் திட்டியதே இல்லை, அந்த முழியும் குறைந்துபோய்விட்டது, செருப்பு மட்டும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

செத்த மீனின் மேல் புரளுவது பற்றி? ஆமாம், புரளுவாள். நாறும். குளிப்பாட்டினால் போய்விடும். குளிப்பாட்டின பிறகு வீட்டைச் சுற்றி ஓர் ஓட்டம் ஓடுவாள் பாருங்கள், பின்பக்கம் உள்வாங்கி, காது பறக்க, ஐந்து நிமிடம் கண் மண் தெரியாமல், அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே இன்னொரு மீனில் புரண்டாலும் எனக்குச் சம்மதம்.

இப்போது சித்ரா பௌர்ணமிக்கு வாருங்கள். தெலுக் இந்தானின் சித்ரா பௌர்ணமியைப் பற்றி நாட்டில் உள்ள தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்டாயுதபாணி கோயில் திருவிழா, தெருவெல்லாம் காவடி, தண்ணீர்ப் பந்தல், மோர், பானகம், பழைய ஆட்கள் இன்னும் தெலுக் அன்சன் என்றே சொல்லிக்கொண்டு ஊர் ஊராக வந்து இறங்குவார்கள், 1982-இல் பெயர் மாறினாலும் அவர்கள் நாக்கில் மாறவில்லை. அந்த இரவு. நான் வீட்டு வாசலில், கோப்பி என் காலடியில். தூரத்தில் நாதஸ்வரம் கேட்கிறது, தேர் எங்கோ ஒரு திருப்பத்தில் வருகிறது, உருமியின் அதிர்வு தரை வழியாக வந்து நாற்காலிக் காலில் ஏறுகிறது. கோப்பி எழுந்தாள். உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். கழுத்தை நீட்டி, மூக்கை நிலாவுக்கு நேராகத் தூக்கி, வாயைக் குவித்தாள், வந்தது பாருங்கள் ஓர் ஊளை! ஊளை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, கீழே மெல்லத் தொடங்கி, ஏறி, ஏறி, நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தில் நின்று பிடித்தால் இவள் அதற்குச் சற்றுத் தள்ளி வேறொரு சுரத்தில் நின்று பிடிக்கிறாள், அவர் இறங்கினால் இவளும் இறங்குகிறாள், அவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் இவளும் மூச்சு வாங்குகிறாள், லோங்காங்குக்கு அந்தப் பக்கம் மாக்சிக் கதவைத் திறந்து வெளியே வருகிறார், சீன அங்கிள் பனியனோடு வந்து நிற்கிறார், அஞ்சாறு பிள்ளைகள் வேலியைப் பிடித்துத் தொங்குகிறார்கள், எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிகிறது, பைரவருக்கு வாகனமாக நாயை நிறுத்தினவர்கள் எதை நினைத்து நிறுத்தினார்கள் என்று அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டேன், கோப்பிக்கும் ஒரு கும்பிடு போட்டேன். ஓநாயின் ஊளையைக் கேட்கவிட்டால் பழைமையான இனத்து நாய்கள் பெரும்பாலும் குரைக்காமல் ஊளையாலேயே பதில் சொல்கின்றன என்று 2023-இல் மறுபடியும் அதே புடாபெஸ்ட்காரர்கள் எழுதினார்கள். பழைமையான இனம்! என் தெலோமியன் ஆசையின் மேல் பாலை வார்த்தார்கள்!

அந்த இரவோடு முடிந்தது என்று நினைத்தேன், இல்லை, இப்போது நான் சொல்லப் போகிறதுதான் எல்லாவற்றிலும் பெரியது. தேர் போன பிறகு கோப்பி படுக்கவில்லை. கேட்டருகில் போய் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டு முனகினாள், கதவைத் திறக்கச் சொல்லி. திறந்தேன். இரண்டு தெரு தாண்டி நேரே கரைக்கு. அங்கே போய் ஆறு இறங்கிப் போகிற பக்கம் நோக்கி, கடல் இருக்கிற பக்கம் நோக்கி உட்கார்ந்தாள். நிலா வெளிச்சத்தில் தண்ணீரைப் பார்த்தேன், ஆறு பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது! சுமார் 400 கிலோமீட்டர் ஓடி வந்து, பாகான் டத்தோ பக்கம் கடலில் கலக்கப் போகிற பேராக் ஆறு, ஓதம் ஏறுகிறபோது எங்கள் ஊரில் நின்று, திரும்பி, வந்த வழியே போகும். ஆயிர் பாசாங் என்பார்கள் மீன்பிடிக்கிறவர்கள். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி ஏற்றம் பெரிதாக இருக்கும். ஓர் ஆகாயத் தாமரைக் கொத்து எங்கள் கண்ணெதிரே மேல்நோக்கி மிதந்து போனது, கோப்பியின் தலை அதோடு கூடவே திரும்பியது.

தற்செயல் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், ஆனால் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். அதே நேரத்திலா என்றால், இல்லை! அங்கேதான் என் மண்டை வெடித்தது. ஒவ்வொரு நாளும் சற்றுப் பிந்தி, சற்றுப் பிந்தி எழுந்து நிற்கிறாள். ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளித்தான் வரும், நிலா தள்ளி உதிப்பதால். ஓத அட்டவணையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன், அவள் அட்டவணையோடு கூடவே நகர்கிறாள்! சோறு போடுகிற நேரம் என்றால் பழக்கம் என்று சொல்லிவிடலாம், நான் வீடு திரும்புகிற நேரம் என்றால் மோட்டார் சத்தம் என்று சொல்லிவிடலாம், தினமும் நழுவுகிற இந்த நேரத்தை வீட்டுக்குள் படுத்துக்கொண்டு எப்படிப் பிடிக்கிறாள்? காற்றில் உப்புச் சேறு வாசனை வருகிறதா? அதுதான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார் மனைவி. நான் ஒரு ராத்திரி அவள் படுக்கிற இடத்திலேயே பாயைப் போட்டு அவள் தலைக்குப் பக்கத்தில் தலை வைத்துப் படுத்துக் கேட்டேன். கொசு. சுவர்க்கோழி. பின்பக்கத்து லோங்காங்கில் தண்ணீர் சலசல என்று ஆற்றுக்கு ஓடுகிற சத்தம். கேட்டுக்கொண்டே இருந்தேன். மெல்ல மெல்ல அந்தச் சலசலப்பு தேய்ந்து, ஒரு கட்டத்தில் சுத்தமாக நின்றுபோனது. ஆறு உயர்ந்துவிட்டால் லோங்காங் தண்ணீர் போக இடமில்லாமல் நின்றுவிடும் அல்லவா! அந்தக் கணம், சரியாக அந்தக் கணம், என் காதுக்குப் பக்கத்தில் லைசென்ஸ் வில்லை கிணுங்கியது. கோப்பி எழுந்துவிட்டாள்!

பாயைச் சுருட்டக்கூட இல்லாமல் உள்ளே ஓடி மனைவியை எழுப்பினேன். "லோங்காங்கு! லோங்காங்கு நின்னுடுச்சு, அவ எழுந்துட்டா!" அவர் எழுந்து உட்கார்ந்து ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "சரிங்க, ஆறு ஏறுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, எதுக்குங்க போய்ப் பார்க்கணும்?" ஆமாம்! எதுக்கு? மீனுக்கா? மீன் எதையும் அவள் பிடிப்பதில்லை. தண்ணீரில் இறங்குவதும் இல்லை. போய் உட்கார்ந்து, ஆறு திரும்புவதைப் பார்த்துவிட்டு, எழுந்து உதறிக்கொண்டு வந்துவிடுகிறாள். இந்தக் கேள்விக்கு யாரிடமும் விடை கேட்டு எழுதவில்லை நான், இப்போதைக்கு விடை வேண்டவும் இல்லை, அவளோடு போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

வருகிற அமாவாசைக்கு ஏற்றம் பெரிதாக இருக்கும். ஈப்போவிலிருந்து வருகிறவர்கள் மாலையே கிளம்பிவிடுங்கள், வழியில் லங்காப்பில் தே தாரிக் குடித்துக்கொண்டு வந்தாலும் நேரம் இருக்கும், இங்கே வந்ததும் டவுனில் ஒரு பொட்டலம் சீ சியோங் ஃபன் வாங்கிக்கொள்ளுங்கள், பாயும் கொசுவத்தியும் நான் கொண்டு வருகிறேன். கேட் திறந்தேதான் இருக்கும். செருப்பை வாசலில் விடாதீர்கள், குறிப்பாக இடது கால்!